மைக்ரோபிளாஸ்டிக் பயத்தில் உப்பை மாற்றலாமா, மீனை நிறுத்தலாமா?

தாம்பரம் தென்றல்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு இது நாலாவது மாதம். தாயின் நஞ்சுக்கொடியிலேயே மைக்ரோபிளாஸ்டிக், அதாவது நுண்ணிய பிளாஸ்டிக் துகள், இருக்கிறதாம் என்று ஒரு செய்தியை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வருகிறது. பாக்கெட் உப்பை நிறுத்திவிட்டு இந்துப்பு வாங்குகிறார்கள், அதில்தான் பிளாஸ்டிக் குறைவு என்று. கடல் மீன் வீட்டுக்குள் வருவதில்லை. கேன் தண்ணீர் வேண்டாம் என்று போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். பிளாஸ்டிக் டப்பா எல்லாம் பரணுக்குப் போய்விட்டது, துவரம்பருப்பு போட்டு வைத்திருந்த டப்பாவும் சேர்த்து. ஆனால் ராத்திரி ஓட்டலில் இருந்து வரும் சாம்பாரும் சட்னியும் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கவரில்தான் வருகின்றன. அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்தச் செய்திக்குப் பின்னால் இருந்த ஆய்வைத் தேடிப் படித்தேன். இத்தாலியில் செய்தது, 2021-இல் வெளிவந்தது. ஆறு பேருடைய நஞ்சுக்கொடியைச் சோதித்ததில் நான்கு பேருடையதில் மொத்தம் 12 துகள்கள் கிடைத்தன. அதனால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு ஆராயவில்லை. இதைச் சொன்னால் தங்கை, "இல்லை என்று யாராவது உறுதியாகச் சொல்கிறார்களா அக்கா?" என்று கேட்கிறாள். அவளுக்குச் சரியாகத் தூக்கமும் இல்லை.

இதில் எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலர்விழி சிஸ்டர்

தென்றல், மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். உப்பை மட்டும் நாளைக்கே பழையபடி மாற்றச் சொல்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற செவிலியர் நான். கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணியாகவோ பாலூட்டுபவராகவோ இல்லாத பெரியவர்களுக்கு 150 போதும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு சுரப்பு தேவை, அதற்கு அயோடின் தேவை. முதல் சில மாதங்கள் குழந்தை முழுக்க முழுக்க அம்மாவின் தைராய்டை நம்பித்தான் இருக்கிறது. நம் சாப்பாட்டில் அயோடின் வருகிற முக்கியமான வழி அயோடின் கலந்த உப்பு. அடுத்தது கடல் மீன். உங்கள் தங்கை ஒரே நேரத்தில் இரண்டையும் நிறுத்தியிருக்கிறார்.

கடையில் கிடைக்கும் இந்துப்பில் பலவற்றில் அயோடின் சேர்ப்பதில்லை. பாக்கெட்டின் பின்னால் அயோடின் கலந்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2018-19-இல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில் போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில்தான் மிகக் குறைவு, 61.9 சதவீதம். நாட்டின் சராசரி 76.3. நம் ஊரில் கல் உப்புப் பழக்கம் அதிகம், அதில் பெரும்பாலும் அயோடின் இருக்காது. ஏற்கெனவே ஓட்டை உள்ள இடத்தில் இந்தப் புதுப் பயமும் சேர்ந்துகொண்டால் பாதிக்கப்படுவது குழந்தைகள். மைக்ரோபிளாஸ்டிக்கால் கருவுக்கு என்ன ஆகும் என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. அயோடின் குறைந்தால் என்ன ஆகும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீன் உடம்பில் பிளாஸ்டிக் துகள் அதிகம் தங்குவது குடலில். நாம் குடலை எடுத்துவிட்டுத்தானே குழம்பு வைக்கிறோம்? சாளை, நெத்திலி, சங்கரா எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். சுறா மாதிரி பெரிய மீன்களைத்தான் தவிர்க்கச் சொல்வோம், அதுவும் பாதரசத்துக்காக. நெத்திலிக் கருவாடு என்றால் வயிற்றைக் கிள்ளி எடுத்துவிட்டுச் சமைக்கட்டும்.

ஆய்வகத்தான்

சிஸ்டர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். உப்புக் கணக்கை மட்டும் நான் போட்டுக் காட்டுகிறேன். பாலிமர் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன், இந்த எண்கள் தினமும் கண்ணில் படுகிறவை.

இந்துப்புக்கு மாறச் சொல்லும் செய்திகள் எல்லாம் டாக்ஸிக்ஸ் லிங்க் என்ற டெல்லி அமைப்பு 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் இருந்து வருகின்றன. பத்து வகை உப்பு, ஐந்து வகைச் சர்க்கரை சோதித்தார்கள், எல்லாவற்றிலும் துகள் இருந்தது. அயோடின் உப்பு ஒன்றில் கிலோவுக்கு ஏறத்தாழ 89, இயற்கை இந்துப்பு ஒன்றில் கிலோவுக்கு 7-க்கும் கீழே. பதின்மூன்று மடங்கு என்று கேட்டால் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் உப்பு 10 கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் உள்ள உப்பிலும் ஒரு நாளைக்கு ஒரு துகள்கூட வராது. அதுவும் அவர்கள் எண்ணியது 0.1 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை உள்ள துகள்களை. 0.15 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை குடல் சுவரைத் தாண்டி உள்ளே போக வாய்ப்பில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை சொல்கிறது. வந்த வழியே வெளியே போய்விடும்.

இந்த விஷயத்தில் மக்களைக் குழப்புவது எண்ணிக்கைதான். 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துகள் என்று வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆய்வுகளில் லிட்டருக்குச் சில நூறு என்று இருந்தது. தண்ணீர் திடீரென்று கெட்டுப்போகவில்லை. இவர்கள் லேசர் வைத்து நானோ அளவுத் துகளையும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியதையும், எண்ணினார்கள், கிடைத்ததில் 90 சதவீதம் நானோ. சல்லடைக் கண் சிறிதாக ஆக, பிடிபடும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஒரு ஆய்வின் எண்ணை இன்னொரு ஆய்வின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடுவது தப்பு.

அடுத்தது, வாரம் ஒரு கிரெடிட் கார்டு அளவு பிளாஸ்டிக்கைத் தின்கிறோம் என்ற கதை. அது 2019-இல் உலக வனவிலங்கு நிதியத்துக்காக ஆஸ்திரேலியாவில் போட்ட மதிப்பீடு, வாரத்துக்கு 5 கிராம் வரை என்றது. 2021-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் துகள்களின் அளவையும் எடையையும் சரியாகக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு நடுமதிப்பு 583 நானோகிராம் என்று வந்தது. வாரத்துக்கு 4 மைக்ரோகிராம் சுமார். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சம் மடங்கு. முதல் எண் இன்றும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது, இரண்டாவதைச் சொன்னவர்களை யாரும் பகிரவில்லை.

கரிசல்காட்டான்

ஆய்வகத்தான் சார், உங்கள் கணக்கில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தொனி எனக்குக் கவலை தருகிறது. "நிரூபணம் போதாது, அளவு குறைவு, பயப்படாதீர்கள்" என்ற இதே வார்த்தைகளை உலகம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது.

பெட்ரோலில் ஈயம் சேர்த்து விற்க ஆரம்பித்தது 1923-இல். மறு வருடமே நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். அப்போதும் தெருவில் போகிறவர்களுக்குச் சேரும் அளவு குறைவுதான், கெடுதல் என்று நிரூபித்துக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றுதான் கம்பெனிகளின் மருத்துவ ஆலோசகர்கள் வாதாடினார்கள். நிரூபித்து முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்தியாவில் ஈயமில்லாத பெட்ரோல் நாடு முழுக்க வந்தது 2000-இல். உலகில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். அதற்குள் எத்தனை தலைமுறைக் குழந்தைகளின் மூளை பாழானது? 2020 யுனிசெஃப் அறிக்கையின்படி ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருக்கும் குழந்தைகள் இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல்.

கல்நாரும் அதே கதைதான். பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன, நம் ஊரில் இன்றைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள்.

இத்தாலியில் 2024 மார்ச்சில் வந்த கழுத்து ரத்தக்குழாய் ஆய்வை நீங்கள் ஏன் குறிப்பிடவில்லை? அடைப்பை எடுக்க அறுவை சிகிச்சை செய்துகொண்ட 257 பேர். 150 பேரின் கொழுப்புப் படிவில் பாலிஎத்திலின் என்ற பிளாஸ்டிக் இருந்தது. சுமார் மூன்று வருடம் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக் இருந்தவர்களில் 20 சதவீதம் பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. இல்லாதவர்களில் 7.5 சதவீதம். இது யாரோ யூடியூபில் சொன்னது இல்லை, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. தென்றலின் தங்கை கேட்ட கேள்வி ரொம்பச் சரியான கேள்வி.

ஆய்வகத்தான்

கரிசல்காட்டான், அந்த இத்தாலி ஆய்வு முக்கியமானது, அதை ஒதுக்கித்தள்ள மாட்டேன். இந்தத் துறையில் என்னை உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார வைத்த ஆய்வு அதுதான். ஆனால் பிளாஸ்டிக் இருந்த குழுவில் சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் கூடுதலாக இருந்தன. கணக்கில் அதைச் சரிக்கட்டிப் பார்த்த பிறகும் ஆபத்து நான்கரை மடங்கு என்று வந்தது உண்மை. அதே சமயம், ஏற்கெனவே சேதமடைந்த ரத்தக்குழாயில் துகள் எளிதாகப் போய்த் தங்குகிறதா, அல்லது துகள் தங்கியதால்தான் சேதமானதா என்பதை இந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. இது எச்சரிக்கை மணி. அதைக் கேட்டு அடுத்த ஆய்வுகளைச் செய்ய வேண்டும். வேறு ஊர்களில் வேறு குழுக்கள் செய்தும் இதே விடை வந்தால் என் பேச்சும் மாறும்.

மூளை ஆய்வு வேறு கதை. 2025 பிப்ரவரியில் நேச்சர் மெடிசின் இதழில், மனித மூளையில் ஒரு ஸ்பூன் அளவு பிளாஸ்டிக் இருக்கிறது என்பதாக ஊடகங்கள் எழுதிய ஆய்வு வந்ததே, அதில் எனக்குச் சந்தேகம் அதிகம். என் வேலையோடு சம்பந்தப்பட்டது என்பதால் விளக்கிச் சொல்கிறேன். திசுவைக் காரத்தில் கரைத்து, மிச்சத்தைப் பல நூறு டிகிரி சூட்டில் சிதைத்து, வரும் வாயுவில் என்னென்ன மூலக்கூறுத் துண்டுகள் இருக்கின்றன என்று கருவியில் பார்ப்பது இந்த முறை. பாலிஎத்திலின் என்பது நீளமான கார்பன் சங்கிலி. கொழுப்பிலும் நீளமான கார்பன் சங்கிலி உண்டு. இரண்டையும் சுட்டால் சில துண்டுகள் ஒரே மாதிரி வரும். மூளையோ கொழுப்பு மிகுந்த உறுப்பு. கொழுப்பை முழுக்க நீக்காமல் சுட்டால் கொழுப்பையே பிளாஸ்டிக் என்று கருவி காட்டிவிடும். துறையில் உள்ள பலர் இந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்பியிருக்கிறார்கள். அது தவிர, சோதனைக்கூடக் காற்றில் துணி நூல் பறக்கிறது, கையுறை, குழாய் முனை, மாதிரிக் குப்பி எல்லாம் பிளாஸ்டிக். வெறும் தண்ணீரை வைத்துச் சோதித்தாலே துகள் காட்டும்.

ஈயத்தின் விஷயத்தில் எந்த அளவுக்கு என்ன கெடுதல் என்று அளந்து காட்டியதால்தான் அதை வெளியேற்ற முடிந்தது. பலவீனமான அளவீட்டை வைத்துப் பெரிதாகக் கத்தினால், நாளைக்கு அது பொய்த்துப் போகும்போது பிளாஸ்டிக் கம்பெனிகள்தான் சந்தோஷப்படும். எனக்கு இருக்கும் கோபம் அதில்தான்.

இன்னொன்று. இந்தப் பயத்தை வைத்து ஒரு வியாபாரமே நடக்கிறது. உடம்பில் இருந்து பிளாஸ்டிக்கை வெளியேற்றும் பொடி, கஷாயம், வெளிநாட்டில் ரத்தத்தைச் சுத்தம் செய்து தரும் சிகிச்சை என்று விற்கிறார்கள். தங்கையிடம் சொல்லி வையுங்கள் தென்றல், இதில் எதற்கும் காசு கொடுக்க வேண்டாம்.

பேரூர் பாதசாரி

இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கில் இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்த அழுத்தம். மைக்ரோபிளாஸ்டிக்கை நினைத்துத் தூக்கம் கெடுகிற வீட்டில் பிரஷர் மாத்திரையை வாரத்துக்கு நாலு நாள் மறக்கிறார்கள். குழந்தையை டேங்க் மேல் உட்கார வைத்து வண்டி ஓட்டுகிறார்கள். முதலில் இதற்குப் பயப்படுங்கள், நேரம் மிச்சமிருந்தால் பிளாஸ்டிக்குக்குப் பயப்படலாம்.

கரிசல்காட்டான்

பாதசாரி, உங்கள் எண்கள் சரி. ஆனால் ஹெல்மெட் போடுவது என் கையில் இருக்கிறது, உப்பைக் குறைப்பதும் என் கையில். டயர் தேய்ந்து வரும் பிளாஸ்டிக் தூசியை நான் மூச்சில் இழுக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? மனிதர்கள் தங்களைக் கேட்காமல் தங்கள்மேல் திணிக்கப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்குக் கூடுதலாகப் பயப்படுவார்கள் என்று உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-இலேயே எழுதினார். அதை அறியாமை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பயத்துக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்காமல் என் பிள்ளை உடம்புக்குள் ஒன்றை அனுப்ப உனக்கு யார் உரிமை கொடுத்தது என்பதுதான் அந்த நியாயம். ஹெல்மெட் கணக்கைக் காட்டி அந்தக் கேள்வியை அமுக்க முடியாது.

பேரூர் பாதசாரி

அமுக்கச் சொல்லவில்லை. பயத்துக்கும் ஒரு வரிசை வேண்டும் என்கிறேன். கர்ப்பிணிக்கு ரத்த சோகை, பிரஷர், சர்க்கரை இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் நானோ துகள்.

பந்திக்காரர்

சின்ன ஓட்டல் நடத்துகிறேன். தென்றல் முதலில் எழுதிய பார்சல் சாம்பார் விஷயத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. சாப்பாடு கட்டும் தாள், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், டீ கப், கேரி பேக் எல்லாம் அதில் வரும். ஆனால் எத்தனை டீக்கடையில் கவரில் டீ கட்டித் தருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கொதிக்கிற டீயை ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி, ஆபீசுக்குப் பத்து பேருக்குப் போகிறது. சாம்பார், ரசம், சால்னா எல்லாம் அப்படித்தான். எண்ணெயும் புளிப்பும் சூடும் சேர்ந்து மெல்லிய கவருக்குள் அரை மணி நேரம் கிடக்கின்றன. பெரும்பாலும் அது உணவுக்கான கவரே கிடையாது, எந்த மறுசுழற்சியில் வந்ததோ.

எங்கள் கடையில் இதை மாற்றக் கஷ்டப்பட்டோம். அலுமினியத் தாள் பூசிய பையில் உள்பக்கம் பிளாஸ்டிக்தான், அதனால் பெரிய லாபம் இல்லை. செய்தித்தாளில் மடிக்கலாம் என்றால் அச்சு மையில் ஈயம் மாதிரி சமாச்சாரங்கள் இருக்கின்றன, வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அதுவும் நியாயம்தான். கடைசியில் இட்லி, பொங்கலுக்கு வாழையிலை. குழம்பு வகைக்குத் தூக்குவாளி கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறோம். பணம் குறைப்பதைவிட அது நன்றாக வேலை செய்கிறது. பக்கத்துத் தெருக்காரர்கள் டிபன் கேரியரோடு வர ஆரம்பித்துவிட்டார்கள். டெலிவரி ஆட்களிடம் போகிற பார்சலுக்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை, தடிமனான டப்பாவில்தான் போகிறது. சொட்டிவிட்டால் அபராதம் எங்கள் தலையில்.

ஆய்வகத்தான்

பந்திக்காரர் அண்ணே, இந்த இழையில் மிகவும் உருப்படியான பதிவு உங்களுடையதுதான். வீட்டில் செய்யக்கூடியது எல்லாம் நீங்கள் சொன்ன மூன்றுக்குள் அடங்கிவிடும்: சூடு, எண்ணெய், புளிப்பு. கூடவே கீறல் விழுந்த பழைய டப்பாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐஐடி கரக்பூரில் பேப்பர் கப்பில் 100 மில்லி சூடான தண்ணீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளிவந்த முடிவு, சுமார் 25,000 மைக்ரான் அளவுத் துகள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 2023-இல் பிளாஸ்டிக் டப்பாவை மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்தபோது ஒரு சதுர சென்டிமீட்டரில் இருந்து 42 லட்சம் வரை மைக்ரோ அளவுத் துகள் வந்தது. நான் மேலே சொன்ன எச்சரிக்கை இந்த எண்களுக்கும் பொருந்தும். ஆனால் சூடு ஏறினால் துகளும் ஏறுகிறது என்பதில் பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. துகளோடு, பிளாஸ்டிக்கில் கலந்த ரசாயனங்களும் சூட்டிலும் எண்ணெயிலும் கசியும். அவற்றில் சிலவற்றைப் பற்றி நமக்கு நிறையவே தெரியும். பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பிஸ்ஃபீனால் ஏ (பிபிஏ) என்ற ரசாயனத்தை ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பாத்திரங்களில் 2024 கடைசியில் தடை செய்தது.

அதனால் தென்றல், துவரம்பருப்பு டப்பாவைப் பரணில் இருந்து இறக்கி விடலாம். உலர்ந்த பருப்பு சாதாரண வெப்பத்தில் அதில் இருப்பதால் கவலைப்பட ஒன்றும் இல்லை. பார்சல் சாம்பாருக்கு மாப்பிள்ளை கையில் ஒரு தூக்குவாளி கொடுத்து அனுப்புங்கள்.

தாம்பரம் தென்றல்

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் எழுதியதை அப்படியே தங்கைக்குப் படித்துக் காட்டினேன். உப்பு பழையபடி மாறிவிட்டது. வாங்கி வைத்த இந்துப்பில் அயோடின் இல்லை, பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. மீனுக்கு இன்னும் தயங்குகிறாள், சாளை மட்டும் பரவாயில்லை என்கிறாள்.

ஒன்றைக் கவனித்தேன். "பயப்படாதே" என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "இதைச் செய், அதை விட்டுவிடு" என்று சொன்னதும் முகம் தெளிந்துவிட்டது. இப்போது அவளுடைய அடுத்த கேள்வி, குழந்தை பிறந்த பிறகு பால் பாட்டில். அதிலும் லட்சக்கணக்கில் துகள் வருகிறது என்று படித்திருக்கிறாள்.

மலர்விழி சிஸ்டர்

அது அயர்லாந்தின் டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில் 2020-இல் செய்த ஆய்வு. பாலிபுரொப்பிலின் பாட்டிலில் சூடான தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் லிட்டருக்கு 1.6 கோடி வரை துகள் வந்தது. தண்ணீர் ஆற ஆற எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலிலும் துகள் இருக்கிறது என்று செய்தி வரும், அதைப் படித்துவிட்டு நிறுத்திவிடப் போகிறார். தாய்ப்பால் கொடுக்காவிட்டால் வரும் வயிற்றுப்போக்கும் சளியும்தான் பிள்ளைகளை வார்டுக்குக் கொண்டு வருகின்றன.

ஏதோ காரணத்தால் பால் பொடி கொடுக்க நேர்ந்தால் அவசரப்பட்டு ஆறிய தண்ணீரில் கலக்கக் கூடாது. பொடியில் கிருமி இருக்கலாம், 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் துகளுக்குப் பயந்து இந்தச் சூட்டைக் குறைத்தால் கிருமி ஆபத்து வரும். அதற்கு வழி, எவர்சில்வர் பாத்திரத்தில் சூடாகக் கலக்கி, ஆறவைத்து, அதன்பிறகு ஊட்டுவது. பாட்டிலே எதற்கு? நம் வீட்டில் பால் புகட்டும் பாலாடைச் சங்கு இல்லையா? குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனையில் நாங்கள் பாலாடையில்தான் ஊட்டுகிறோம். கழுவவும் சுலபம், காம்பில் அழுக்குத் தங்கும் தொல்லையும் இல்லை.

ராயபுரத்துக்காரன்

நான் வடசென்னை. எங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்தப் பேச்சு வேறு மாதிரி தெரிகிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொடுங்கையூர்க் குப்பை மேட்டைச் சுற்றி லட்சக்கணக்கானவர்கள் வாழ்கிறோம். அங்கே பற்றிக்கொள்ளும் புகையில் பிளாஸ்டிக் இருக்கிறது. துகளாக அல்ல, எரிந்து டையாக்சின் என்ற நச்சாகவும் கரியாகவும். 2022 ஏப்ரலில் பெருங்குடியில் குப்பை மேடு நாள்கணக்கில் எரிந்தபோது தென்சென்னைக்காரர்களுக்கும் அது என்ன என்று புரிந்திருக்கும். கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று மக்கள் தெருவில் நின்று போராடுகிறார்கள். காற்று மாசால் உலகில் வருடத்துக்கு 70 லட்சம் பேர் அகால மரணம் அடைகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. இதற்கு நிரூபணம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தெருவில் தூய்மைப் பணியாளர் கூட்டிய குப்பையை ஓரமாகக் குவித்துக் கொளுத்துவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்தப் புகைக்கு முதலில் மூச்சு இழுப்பவர் அந்தப் பணியாளர், பெரும்பாலும் முகக்கவசம்கூட இல்லாமல். போகிக்கு டயர் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடாவருடம் சொல்கிறது, வருடாவருடம் கொளுத்துகிறார்கள்.

கண்ணாடி டப்பாவுக்கு மாறக் காசு இருக்கிறவர் மாறிக்கொள்ளட்டும், நல்லது. ஆனால் அவர் தூக்கிப் போட்ட பிளாஸ்டிக் டப்பா எங்கே வந்து சேர்கிறது? எங்கள் தெருவுக்குத்தான். பயம் வீட்டுச் சமையலறையோடு நின்றுவிட்டால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தப் பயத்தோடு வார்டு கவுன்சிலரிடம் போய் நில்லுங்கள், குப்பையைப் பிரித்துக் கொடுங்கள், எரிக்கிறவர்களைத் தடுங்கள். அப்போது இந்தக் கவலையை நான் பெரிதாக மதிப்பேன்.

நெய்தல்நிலா, நீர்கொழும்பு

ராயபுரத்து அண்ணா சொன்னதோடு எங்கள் கரையின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்துப் பிறகு மூழ்கிப்போனது. அதில் இருந்து சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணை, அதாவது பிளாஸ்டிக் பொருள் செய்யும் மூலப்பொருள் மணிகள், கடலில் கொட்டுண்டது. எங்கள் கடற்கரையில் மணலே தெரியாத அளவுக்கு வெள்ளையாகக் கிடந்தது. எரிந்து கருகியவையும் கலந்திருந்தன. மீன்பிடிக்கத் தடை வந்தது. தடை இல்லாத இடத்து மீனையும் வாங்கச் சனம் பயந்தது. நஞ்சு யாருடைய உடம்புக்குள் எவ்வளவு போனது என்று தெரிவதற்கு முன்பே மீனவக் குடும்பங்களின் அடுப்பு அணைந்துவிட்டது. அந்தக் காலத்தில் "மீன் சாப்பிடாதையுங்கோ" என்று கதைத்தவர்கள் ஒருவரும் கப்பல் கம்பனியைப் பற்றிக் கதைக்கவில்லை.

2025 ஜூலையில்தான் எங்கள் உயர் நீதிமன்றம் (உங்கள் ஊர் உச்ச நீதிமன்றம் போன்றது) நூறு கோடி டொலர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் மே மாதம் கேரளத்துக்கு வெளியே இன்னொரு கப்பல் மூழ்கி, அதே குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. குருணையை அபாயகரமான சரக்காக வகைப்படுத்தி ஏற்ற வேண்டும் என்று எவ்வளவு காலமாகக் கேட்கிறோம். ஜெனீவாவில் 2025 ஓகஸ்டில் பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சும் முடிவில்லாமல் கலைந்தது. தென்றல் அக்காவின் தங்கை மீனைச் சாப்பிடட்டும். கோபத்தை மட்டும் எங்களுக்காகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளட்டும்.

கரிசல்காட்டான்

நெய்தல்நிலா, ராயபுரத்துக்காரன், இருவருக்கும் நன்றி. நான் ஈயத்தைப் பற்றிச் சொல்ல வந்ததும் இதைத்தான். பெட்ரோலில் இருந்து ஈயத்தை எடுத்தது எந்த வீட்டுப் பெண்ணும் பாத்திரத்தை மாற்றியதால் அல்ல. சட்டம் வந்தது, எடுத்தார்கள், குழந்தைகள் ரத்தத்தில் ஈயம் இறங்கியது.

தாம்பரம் தென்றல்

ஒரே ஒரு கேள்வி மிச்சம், மறந்தே போனேன். போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது சரிதானா? எங்கள் பக்கத் தண்ணீர் ரொம்ப உப்பு, பாத்திரம் எல்லாம் வெள்ளை படிகிறது.

ஆய்வகத்தான்

அந்த வெள்ளைப் படிவு இந்த விஷயத்தில் நல்லதுதான். 2024-இல் சீனாவின் குவாங்சோவில் செய்த ஆய்வில், கடின நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டபோது சுண்ணாம்புப் படிவு துகள்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. நல்ல கடின நீரில் 90 சதவீதம் வரை குறைந்தது, மென்னீரில் 25 சதவீதம் சுமார். அதனால் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் குடத்திலோ மண்பானையிலோ ஊற்றி வையுங்கள். அடியில் தங்கும் வண்டலைக் கலக்காமல் கீழே கொட்டிவிட வேண்டும்.

ஆனால் காய்ச்சுவதால் கிருமிதான் சாகும், ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. கர்ப்பிணி குடிக்கிற தண்ணீர் என்பதால் போர்வெல் தண்ணீரை ஒரு தடவை தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மாதிரியை எந்த பாட்டிலில் எப்படி எடுத்து வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.